விரதத் தலைவலியும் மலைத் தலைவலியும்

மலையேறும் கூட்டத்தில் மருந்துப் பெட்டி தூக்குகிறவனை நன்றாக இருக்கும்போது யாரும் தேடமாட்டார்கள். தேடும்போது அவன் சொல்வதைக் கேட்கவும் மாட்டார்கள். இந்தப் பாடு பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். எண்பதுகளில் நான் மலேசியாவில், கெடா மாநிலத்துச் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியின் பாதி டாக்டர். கூலிமில் சைக்கிள் கடை வைத்திருந்த அந்தோணி அண்ணன் ஒரு மலையேறும் குழு சேர்த்து, பெட்டியை என் தோளில் மாட்டிவிட்டார்.

ஜெராயில் சைக்கிள்

பழகுவதற்குக் குனோங் ஜெராய் மலை. தார் ரோட்டில் சைக்கிள் மிதித்தே ஏறுவோம். பாதி வழியிலேயே இளவட்டங்களுக்குக் கிறுகிறுப்பு. கேட்டால் 'மலைநோய்' என்பார்கள். காற்று மெலியாத நாலாயிரம் அடி மலையில் ஏது மலைநோய்? ஏறுவதற்கு முன் ஆளுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, உள்ளே தள்ளியதன் பலன் அது.

அவர்களைத் தாண்டிப் போனவர் சரசக்கா, எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர். வேலைக்குப் போகும் அதே கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிள். செங்குத்து வந்தால் இறங்கித் தள்ளுவார், மூச்சு வாங்காது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி எடுத்த பையன் ஒருவனின் முதுகைத் தடவியபடி அந்தோணி அண்ணன் சொன்னார்: "அக்கா இன்னைக்குப் பால் வாளிய விட்டுட்டு வந்துட்டாங்க தம்பி. அதான் இந்த ஓட்டம்."

கினபாலுவில் விரதம்

பிறகு கடல் தாண்டிச் சபா மாநிலம் போய்க் கினபாலு மலை ஏறினோம். அக்காவுக்கு அது உல்லாசப் பயணம் இல்லை. வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்தால் நாட்டிலேயே பெரிய மலையில் முருகனுக்குச் சூடம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவரும் எழுந்து நடமாடிவிட்டார். அதனால் காவடிக்கு இருப்பதுபோல் விரதம். ஒருவேளைச் சாப்பாடு, மற்ற நேரம் பாலும் பழமும்.

பதினோராயிரம் அடியில் தங்கும் குடிலில் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விரதத் தலைவலிதான், காவடி எடுக்கறப்ப வராததா" என்று சிரித்தார். இது நம் ஆட்களே செய்யக்கூடிய தப்பு. மலை கொடுக்கிற வலியைச் சாமி கொடுத்ததென்று உபசரித்து உட்காரவைப்போம். பசித் தலைவலியானால் தின்றதும் குறைய வேண்டும் என்று பிஸ்கட் கொடுத்துப் பார்த்தேன், வாந்தியாக வந்தது. தரைப் பலகையின் கோட்டில் காலை ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மழை வழுக்கலிலும் தடுமாறாத கால் கோணிக்கொண்டு போனது.

இது மூளையில் நீர் கோக்கும் அறிகுறி, மேலே போனால் உயிருக்கே ஆபத்து, உடனே இறங்குவதுதான் மருந்து என்றேன். அக்கா அழுதார். பிறகு கோபம் வந்தது. "அவரு உசுருக்காக வேண்டினது டிரஸரய்யா. நான் பாதியில திரும்பி, அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

சூடம் போன வழி

அந்தோணி அண்ணன்தான் அக்கா முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். கழுத்தில் ஜெபமாலை, சர்ச்சில் ஞாயிறு பூசை முடியாமல் சைக்கிளில் ஏறாத மனிதர். "குடுங்கக்கா, நான் ஏத்தறேன்" என்றார். அக்கா இடுப்பில் முடிந்திருந்த சூடப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நானும் வழிகாட்டி ஒருவரும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தோம். இறங்க இறங்க முகம் தெளிந்தது. அடிவாரத்தில் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் அண்ணன் வந்து சேர்ந்தார். உச்சியில் காற்று ஆளையே தள்ளியதாம். தொப்பியால் மறைத்து ஏற்றியதில் தொப்பி கருகிவிட்டது. அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரோ குற்றம் செய்தவர்போல் நின்றார். "சூடம் எரிஞ்சிச்சிக்கா. ஆனா யாருக்குன்னு சொல்ல அவரு பேரு தெரியல. நீங்க சொன்னதே இல்லையே. 'சரசக்கா வீட்டுக்காரரு'ன்னுதான் சொன்னேன்."

புருஷன் பெயரை வாயால் சொல்லாத அக்கா முகமெல்லாம் சிரித்தார். "அது போதும்லா தம்பி. முருகன்கிட்ட நானும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

மலைநோய்க்கு என் பெட்டியில் இருந்த ஒரே மருந்து 'இறங்குங்கள்' என்பதுதான். அதை ஒருவரை விழுங்கவைக்க டிரஸர் மட்டும் போதாது, ஜெபமாலை போட்ட சைக்கிள் கடைக்காரர் ஒருவரும் கூட வேண்டும்.