அடுப்புப் பரணில் கொரியா வில்

மேலகரத்தில் தளவாய் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வயல் தளவாய், இன்னொருவன் வில்லுத் தளவாய். நாம் பேசப்போவது வில்லுத் தளவாயைப் பற்றி. பெயரைக் கேட்டதும் பெரிய சேனாதிபதி என்று நினைத்து எழுந்து நின்றுவிட வேண்டாம். பட்டாளத்தில் அவன் துப்பாக்கியைத் தொட்டதைவிடப் பஞ்சையும் டிஞ்சரையும் தொட்டதுதான் அதிகம். காயம்பட்டவர்களைச் சுமந்து வந்து கட்டுப் போடுகிற பிரிவில் இருந்தான். அந்த வேலைக்குத்தான் ஐம்பத்திரண்டில் அவனைக் கப்பல் ஏற்றிக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். "கொரியாவா? அது கொழும்புக்கு அங்கிட்டா இங்கிட்டா?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு.

தேகு என்கிற ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை. அங்கேதான் பாக் என்ற கொரியாக்காரனைப் பார்த்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. குண்டு வெடித்ததில் பாக்குக்கு வலது கட்டைவிரல் அடியோடு போயிருந்தது. மூன்று மாதம், தினம் இரண்டு வேளை, அந்தக் கைக்குக் கட்டு மாற்றினான் தளவாய். பாக் பள்ளிக்கூட இங்கிலீஷில் பேசுவான், இவன் பட்டாளத்து இங்கிலீஷில் பதில் சொல்லுவான். கை ஆறும்போது இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

பாக் வில் எய்கிறவன். அந்த நாட்டு வில்லில் நாணைக் கட்டைவிரலால்தான் இழுக்க வேண்டும், கொம்பில் செய்த வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டு. விரல் போனதோடு அவனுக்கு வில்லும் போயிற்று. ஆனாலும் மலையடிவாரத்து வில் மைதானத்துக்குப் போகாமல் அவனால் இருக்க முடியவில்லை. தளவாயையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சுவரில் வரிசையாக வில்கள். நம் ஆள் சும்மா இருப்பானா? இருப்பதிலேயே விறைப்பானதை எடுத்து, பல்லைக் கடித்து இழுத்துக் காட்டினான். மைதானமே சிரித்தது. பாக் அதை வாங்கி மாட்டிவிட்டு, இருப்பதிலேயே இளகிய வில்லை அவன் கையில் கொடுத்தான். இழுத்துப் பிடித்தபடி பத்து எண்ணும்போது கை நடுங்காத வில் எதுவோ அதுதான் உன் வில் என்றான்.

ஒரு சுற்றுக்கு ஐந்து அம்பு. நூற்றைம்பது கெஜத்துக்கு அப்பால் இரட்டைக் கதவு அளவில் ஒரு பலகை. ஐந்தும் பலகையில் பட்டுவிட்டால் அவனை அன்று முதல் மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். எட்டு மாதம் பழகி, ஊருக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்த அன்று, தளவாய் நான்கை அடித்துவிட்டான். ஐந்தாவது தலைக்கு மேலே பறந்து போனது. பாக் தன்னுடைய சொந்த வில்லையும், பத்து அம்புகளையும், கொம்பு வளையத்தையும் ஒரு துணியில் சுற்றி அவன் கையில் வைத்தான்.

"ஐந்தும் படுகிற அன்றைக்கு எனக்கு எழுது. ஐந்து என்று ஒரு சொல் போதும். ஆனால் நீயே போய்ப் பார்த்துவிட்டு எழுது" என்றான்.

அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குத் தளவாய்க்கு எட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஐம்பத்துநான்கில் ஊருக்கு வந்தவன், தென்காசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்தான். மறுவருஷம் சுரண்டையிலிருந்து வள்ளித்தாயைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த வாரமே அவள் துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். நாண் கழற்றிய கொரியா வில் நம் ஊர் வில் மாதிரி நிமிர்ந்து கிடக்காது, எதிர்ப்பக்கமாக வளைந்து வளையமாகச் சுருண்டுகொள்ளும். "இது என்ன, பானை வைக்கிற பிரிமணையா?" என்று கேட்டாள். தளவாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. நடுவில் மூங்கில், ஒரு பக்கம் எருமைக் கொம்பு, மறுபக்கம் மாட்டு நரம்பு, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது மீன் வயிற்றுக் காற்றுப்பையைக் காய்ச்சிய பசை என்று விளக்கினான். விளக்காமலே இருந்திருக்கலாம்.

ஆனி பிறந்து சாரல் கட்டியது. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊரே குளிர்ந்து போகும், தளவாய் மட்டும் வில்லை எடுத்து எடுத்துத் தடவிப் பார்ப்பான். ஜாடியில் உப்பு கசிகிற காற்று வில்லை விடுமா? பசை இளகி வில் தொய்ந்தது. கொரியாவில் மழைக்காலத்துக்கென்று வில்லுக்கு அடியில் கணப்பு வைத்த பெட்டி உண்டு. மேலகரத்தில் எந்நேரமும் சூடாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அடுப்புக்கு மேலே இருக்கிற பரண்.

"மொளகா வத்தலுக்குப் பக்கத்துல மாட்டு நரம்பத் தொங்க விடுதிய. இது வீடா, கசாப்புக் கடையா?" என்றாள் வள்ளித்தாய்.

"நாலு மாசம்தான்ட்டி. பொறுத்துக்கோ."

நாலு மாதம் என்றது ஐந்து வருஷம் ஆயிற்று. சாரல் போனால் ஐப்பசி மழை, அது போனால் பனி. வில் அடுப்புப் பரணைவிட்டு இறங்கியது மாசியிலும் பங்குனியிலும்தான். அப்போது குளம் வற்றிக் கிடக்கும். ஒரு கரையில் பழைய பலகைகளை அடித்து நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுகரையிலிருந்து எய்வான். பலகைக்குப் பக்கத்தில் நின்று, அம்பு பட்டால் துண்டை வீச ஓர் ஆள் வேண்டும். அதற்கு வள்ளித்தாயின் தம்பி முப்பிடாதி வந்தான். சுரண்டைச் சந்தையில் கருவாட்டு வியாபாரம், தங்கமான மனசு. அந்த மனசுதான் வம்பு. அத்தான் சந்தோஷப்பட வேண்டும் என்று, பட்டாலும் வீசுவான், படாவிட்டாலும் வீசுவான். "பட்டுட்டு அத்தான், பட்டுட்டு!" என்று அங்கிருந்து கூத்தாடுவான். தளவாய் ஒவ்வொரு தடவையும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்ப்பான். பலகையில் இரண்டு இருக்கும், மிஞ்சினால் மூன்று.

ஏன் மூன்றைத் தாண்டவில்லை என்று அவனுக்கே விளங்கவில்லை. எல்லாவற்றையும் பாக்குக்கு எழுதினான். ஐம்பத்தொன்பதில் வந்த பதிலில் பாக் ஒரு விசித்திரம் கேட்டிருந்தான். நெஞ்சுக்குழியிலிருந்து நீட்டிய கையின் நுனிவிரல் வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலை அனுப்பு. தளவாய் அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து அதே நூல் திரும்பி வந்தது, கூடவே இன்னொரு நூலும். இரண்டையும் பாயில் நீட்டி வைத்தான். பாக்கின் நூல் நான்கு விரற்கடை கூடுதல் நீளம்.

'என் கைக்கு வெட்டிய அம்பை உன் கையால் எப்படி முழுக்க இழுப்பாய்?' என்று எழுதியிருந்தான். 'வில்லைத்தான் கொடுத்தேன், என் கையைக் கொடுக்கவில்லை. ஆளுக்கு வில், கைக்கு அம்பு, விரலுக்கு வளையம். வில்லும் உனக்குக் கொஞ்சம் விறைப்புத்தான், அதற்கு இப்போது வழியில்லை. மற்ற இரண்டையும் மாற்றிக்கொள்.'

தளவாய்க்கு வெட்கமாக இருந்தது. சிநேகிதன் தந்ததை மாற்றுவது துரோகம் என்று நினைத்து, தொளதொளத்த வளையத்துக்குள் நூலைச் சுற்றி இத்தனை வருஷம் மாட்டிக்கொண்டிருந்தானே! தென்காசியில் கொம்புச் சீப்பு செய்கிற மசூது, அவன் கட்டைவிரலை அளந்து பார்த்து ஒரு வளையம் கடைந்து கொடுத்தார். தை மாதத் தேய்பிறையில் மலையடிவாரத்தில் மூங்கில் வாங்கினான். வளர்பிறையில் வெட்டினால் வண்டு துளைத்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சுண்டுவிரல் பருமன், கணுக்களுக்கு நடுவே ஒரே இடைவெளி, தட்டினால் கணீரென்று சத்தம். நூறில் பன்னிரண்டு தேறியது. அவற்றைத் தணலில் காட்டி நிமிர்த்தினான். டாக்டர் இல்லாத நேரம் பார்த்து மருந்துத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தான். எடை கூடியதைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பன்னிரண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தான்.

அறுபது பங்குனியில் நான்கு பட்டது. போய்ப் பார்த்தான், நான்கேதான். அன்று சாப்பிடும்போது வள்ளித்தாயிடம், "இன்னும் ஒண்ணுட்டி. ஒண்ணே ஒண்ணு" என்றான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பரணில் தொங்குகிற அந்தக் கரிக்கட்டை இவருக்கு இவ்வளவு பெரிய விஷயமா என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த உறைப்புத்தான் வினையாயிற்று.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டில் எல்லாம் கழுவப்பட்டன. அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மனை, உலக்கை, சைக்கிள். வள்ளித்தாய் பரணை அண்ணாந்து பார்த்தாள். வீட்டிலேயே உண்மையான ஆயுதம் அது ஒன்றுதானே? ஐந்து வருஷமாக ஏசியதற்குப் பிராயச்சித்தமாக அதை இறக்கினாள். கரி லேசில் போகவில்லை. வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி ஊறப்போட்டு, பளபளவென்று எடுத்தாள். மறுநாள் அதிகாலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அரளிச் சரம் சுற்றி, எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகச் சாமி முன்னால் வைத்தாள்.

குளித்துவிட்டு வந்த தளவாய் அப்படியே நின்றான். வில் ஈரமாக இருந்தது. உடனே எடுத்து நாலாபக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, சூட்டில் வைத்தால் ஒருவேளை பிழைக்கும். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. வள்ளித்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு? ராசா மாதிரி இல்ல?" என்றாள்.

அவளுடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை உடைக்க அவனுக்கு மனம் வரவில்லை. "ஆமாட்டி, ராசாதான்" என்றான். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்று முழுவதும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் வில்லைத் தூக்கியபோது நரம்பு பட்டை பட்டையாகக் கழன்று வந்தது. கொம்பு தனியாக, மூங்கில் தனியாக. வள்ளித்தாய் பதறிவிட்டாள். நேற்றே இது தெரிந்திருந்தும் அவன் வாய் திறக்கவில்லை என்று புரிந்ததும் அழுகை வந்தது. "என்னைய ரெண்டு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

"ஏசினா ஒட்டிக்கிடுமா?" என்றான் தளவாய். கழன்றதையெல்லாம் பொறுக்கித் துணியில் சுற்றி வைத்தான். மூன்று வாரம் அது அப்படியே கிடந்தது.

பாக்குக்கு எழுதச் சொன்னது வள்ளித்தாய்தான். "நாந்தான் கெடுத்தேன்னு எழுதுங்க. மறைக்காதிய" என்றாள். பதில் வந்தபோது கார்த்திகை. 'உன் மனைவியை அழ வேண்டாம் என்று சொல். தண்ணீரில் பிடி விடும் பசை என்பதால்தான் நாங்கள் மீன் பசை வைக்கிறோம். விட்டதை மறுபடி ஒட்டலாம்.' அதற்குக் கீழே நான்கு பக்கம் செய்முறை.

முப்பிடாதி தூத்துக்குடியிலிருந்து மீன் காற்றுப்பைகளை ஒரு சாக்கில் கொண்டுவந்தான். நரம்பைப் பக்கத்தில் வைக்கவே முகம் சுளித்தவள், அவற்றை அதே அடுப்பில் வைத்து, கொதிக்க விடாமல், விரல் பொறுக்கிற சூட்டில் மூன்று நாள் காய்ச்சினாள். நரம்பைச் சீப்பால் வாரி வாரி அவள் எடுத்துக் கொடுக்க, தளவாய் ஒட்டினான். ஊறும்போதே நரம்பில் கால்பங்கு பாழாகியிருந்தது. மிச்சத்தைத்தான் வைக்க முடிந்தது. கயிறு சுற்றிய வில் ஒரு வருஷத்துக்கு மேல் பரணில் காய்ந்தது. அறுபத்திரண்டு மாசியில் நாணேற்றி இழுத்தான். பத்து எண்ணும் வரை கை நடுங்கவில்லை. நரம்பு குறைந்ததில் வில் அவன் கைக்கு இறங்கி வந்திருந்தது.

துண்டு வீச இந்தத் தடவை தானே நிற்பதாக வள்ளித்தாய் சொன்னாள். பொட்டல் குளத்தில் பொம்பளை போய் நிற்கிறதாவது என்று முனகியவர்களை அவள் கண்டுகொள்ளவில்லை. முதல் அம்பு, துண்டு ஏறியது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதை விட்டுவிட்டுத் தளவாய் மறுகரையைப் பார்த்தபடி நின்றான். துண்டு ஏறவில்லை. பலகை மேல் அம்பு மோதிய சத்தம் அவன் காதில் விழுந்திருந்தது, ஆனாலும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குளத்தின் குறுக்கே அவளே அம்பை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். வந்ததும் அதன் முனையைக் காட்டினாள். மண் அப்பியிருந்தது.

"தரையில குத்தி எந்திரிச்சுத்தான் பலகையில பட்டுது. இதச் சேத்துக்கிட முடியாது" என்றாள். வில்லைக் கெடுத்தவள் அவள். இந்த ஐந்து அவனைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது.

தளவாய் அம்பை வாங்கி வேட்டியில் துடைத்தான். பிறகு சிரித்துவிட்டான். ஆயுத பூஜைக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

பங்குனியில் நான்கு ஞாயிறு போயின. மூன்று, நான்கு, மூன்று, மறுபடி நான்கு. ஐந்தாவது ஞாயிறு காலை, காற்றே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதை விட்டான். துண்டு உடனே ஏறவில்லை. அவள் பலகைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பது தெரிந்தது. பிறகு துண்டு ஏறியது.

"அத்தான், சைக்கிள எடுக்கட்டா?" என்றான், வேடிக்கை பார்க்க வந்திருந்த முப்பிடாதி.

"வேண்டாம்லே" என்றான் தளவாய். நாணைக் கழற்றினான். வில் சுருண்டுகொண்டது.

அன்று மத்தியானமே பாக்குக்குக் கடிதம் எழுதினான். ஐந்து என்று எழுதினான். அந்த ஒரு சொல் போதும் என்றுதான் பாக் சொல்லியிருந்தான், ஆனால் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தான்:

'நான் போய்ப் பார்க்கவில்லை. வள்ளித்தாய் பார்த்தாள்.'