பையா, கறிவேப்பிலையா?

நேற்றுக் காலை நடக்கப் போனபோது தெருமுனையில் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். பாலித்தீன் கருகும் வாடை. கூட வந்த நண்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நடந்தார். நான் கொஞ்சம் நின்றேன். எனக்கு அது ஒரு காலத்தில் சோறு போட்ட வாடை.

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. லாரியில் கிளீனர், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் குழாய் தூக்குகிற ஆள், அப்புறம் சேலத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷெட். உடைந்த வாளி, ஓட்டைக் குடம், அறுந்த செருப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பிரித்துக் கழுவி, அரைத்து உருக்குவோம். மறுபடியும் வாளியாகிப் போகும். முழங்கையில் இருக்கும் தழும்பு அங்கே வாங்கியது. ராத்திரி சாக்கின் மேல் படுப்போம். நன்றாகவே தூக்கம் வரும்.

எண்பதுகளின் நடுவில் அந்த மூட்டைகளுக்குள் மெல்லிசான கைப்பிடிப் பைகள் வர ஆரம்பித்தன. பளபளவென்று இருந்ததால் நான் தனியாக எடுத்து அடுக்கி வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். “அதத் தூக்கி வெளிய எறிடா. நூறு பை சேந்தாலும் தராசு முள்ளு அசையாது. மெஷின்ல போட்டா சுத்திக்கும்.” பிளாஸ்டிக்கை உருக்கிப் பிழைக்கிறவனே வேண்டாம் என்கிற பிளாஸ்டிக்கும் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் இப்படி மனதில் நின்றதில்லை.

வழக்கம்போல ஷெட்டையும் விட்டேன். அதற்குள் கல்யாணமாகியிருந்தது. மேரி சேலத்துக்காரி, மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வளர்ந்தவள், பேச்சில் என்னைவிடக் கெட்டி. இருவருமாக ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு வாரச் சந்தையில் தக்காளிக் கடை போட்டோம். கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சாக்கு விரிப்பு, நாலு கூடை, ஒரு தராசு.

அப்போதெல்லாம் சந்தைக்கு வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வரமாட்டார்கள். ஒயர் கூடை, துணிப்பை, யூரியாச் சாக்கை வெட்டித் தைத்த பை என்று ஏதாவது ஒன்று இருக்கும். யூரியாப் பை அலசிக் காயப்போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். இப்படி இருந்த இடத்தில், பக்கத்துக் கடைத் தங்கவேலண்ணன் ஒரு வாரம் கைப்பிடிப் பைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து குச்சியில் தொங்கவிட்டார். எது வாங்கினாலும் பை இலவசம். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஷெட்டில் கற்றதை ஊருக்குச் சொல்லப் புறப்பட்டேன். இந்தப் பையை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள், மண்ணோடு மண்ணாகவும் போகாது, வீட்டிலிருந்து பை கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு பிரசங்கம். வாரம் தவறாமல் வரும் நல்லாயி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏஞ்சாமி, தக்காளி விக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழாவது தாண்டாத வாத்தியார்!

மூன்று வாரம் பாதித் தக்காளி வீடு திரும்பியது. மேரி அழுகலைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அடுத்த வாரமும் இப்படித்தான்னா கடைய விட்ருவோம். நீங்க போர் வண்டிக்கே போயிருங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.” போர் வண்டி என்றால் வடக்கே மாதக்கணக்கில். வீடு என்று ஒன்று எனக்கு அப்போதுதான் வாய்த்திருந்தது.

அந்த வாரம் யோசனை பிறந்தது. அது தன்னுடையது என்று மேரி சொல்வாள், என்னுடையது என்று நான் சொல்வேன். எங்கள் பக்கம் காய் வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தாக வேண்டும். அது உரிமை. கொடுக்காவிட்டால் கடைக்காரன் குணத்தையே சந்தேகப்படுவார்கள். நாங்களும் ஒரு கட்டு பை வாங்கி ஒரு பக்கம் தொங்கவிட்டோம். மறுபக்கம் கறிவேப்பிலையைக் குவித்தோம். எடை போட்டதும் மேரி கேட்டாள்.

“பையா, கருவேப்பலையா? ரெண்டுல ஒண்ணுதான்.”

நல்லாயி அக்கா யோசித்த யோசனையில் பின்னால் கூட்டமே சேர்ந்துவிட்டது. கடைசியில் முந்தானையை விரித்தார். “கருவேப்பலையே போடு கண்ணு. பையப் போட்டா ரசந் தாளிக்க முடியும்?”

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை எங்களோடு. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவரோ முந்தானைத் தக்காளியோடு நேராகத் தங்கவேலண்ணனிடம் போனார். ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினார், ஒரு பை வாங்கினார், எங்கள் தக்காளியையும் கறிவேப்பிலையையும் அதற்குள் கொட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? மதியத்துக்குள் எங்கள் கூடை காலி. அண்ணனிடம் எலுமிச்சையும் இல்லை, பையும் இல்லை.

“ஏப்பா, உன்ற தக்காளிக்கு நானா பை குடுக்கறது?” என்று குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“நீங்களும் எங்கள மாதிரியே கேளுங்கண்ணா,” என்றாள் மேரி, சிரிக்காமல்.

அடுத்த வாரம் அவரும் கேட்டார். அவரிடம் கிடைக்காத பைக்கு ஜனங்கள் அடுத்த கடைக்குப் போக, அந்தக் கடைக்காரரும் கேட்டார். மாதம் முடிவதற்குள் வரிசை முழுக்க ஒரே கேள்விதான். போர் வண்டிப் பேச்சை மேரி அப்புறம் எடுக்கவில்லை. நல்லாயி அக்கா பழையபடி யூரியாப் பையோடு வர ஆரம்பித்தார். வந்தவர் சும்மா வரவில்லை. வெறுங்கையோடு நின்ற ஒரு பெண்ணிடம், “ஏங் கண்ணு, ஊட்டுல ஒரு பைகூடவா இல்ல? எடுத்துட்டு வந்தாக் கையா வலிக்கும்?” என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. என் பிரசங்கத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

சந்தை கலைந்ததும் மிச்சம் கிடக்கும் கோசுத் தழையை மேயவிட, குழந்தைசாமி என்ற விவசாயி முன்பெல்லாம் மாடுகளை ஓட்டிவருவார். பை வந்த நாளிலிருந்து, மாடு தின்றுவிடும் என்று பயந்து நிறுத்தியிருந்தார். ஒரு சாயங்காலம் மறுபடி வந்தார். குனிந்து குனிந்து எங்கள் வரிசை முழுக்க நடந்து பார்த்தார். பிறகு கயிற்றை நழுவவிட்டார். “இந்தப் பக்கம் மேயட்டுமுங்க.” தராசைக்கூடக் கட்டாமல், கடைசி மாடு கிளம்பும்வரை நானும் மேரியும் நின்று பார்த்தோம். எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். நின்று பார்க்கும்படி ஒன்றைச் செய்தது அங்கேதான்.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். தரைக்குச் சிமெண்டு பூசி, மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். கறிவேப்பிலைக்கு விலை சொல்கிறார்கள். சந்தை முடிந்ததும் ஒரு வண்டி வந்து தழையையும் பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. மாடு வருவதில்லை.