நான் கொன்ற இடக்கையன்

1991ஆம் ஆண்டு செப்டெம்பர் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மழை பெய்து எழுபது நாளுக்கு மேலாகியிருந்தது. சோளகக் காற்று புழுதியை அள்ளி யன்னலுக்குள் எறிந்தபடி இருந்ததால் வாசிக்கிற தாளை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் இடக்கையனை நான் கொன்றேன்.

நகரத்துக்குக் கிழக்கே, கடனீரேரிக் கரையில் இருந்த ஒரு மீனவர் சங்கத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். வீடு உரும்பிராயில். போக ஏழு மைல், வர ஏழு மைல், சைக்கிளில். ஞாயிற்றுக்கிழமை சங்கம் பூட்டு. ஆனாலும் போவேன். அந்த ஊரார் கத்தோலிக்கர். ஞாயிறன்று கடலுக்குப் போகமாட்டார்கள். மற்ற நாளிலும் ஆழக்கடல் தடை, இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லை, கரையோடு மரக்கோல் ஊன்றி நாலு றால் பிடித்தால் உண்டு. கையில் வேலை இல்லாத பதினாலு பேர் சங்கத்து வாங்குகளில் வந்து குந்தியிருப்பார்கள். நான் அவர்களுக்குத் தொடர்கதை வாசிப்பேன்.

அது இந்தியாவிலிருந்து வந்த வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த மாயக்கதை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடல் பின்வாங்கிப் போகும் ஒரு தேசம். வற்றிய கடலின் உப்புத் தரையில் இரண்டு வீரர்கள், ஒரே குருவிடம் வாள் படித்தவர்கள், ஒருவனையொருவன் தேடித் திரிவார்கள். இருவருக்கும் நீண்ட வடமொழிப் பெயர்கள். அவை எங்கள் நாக்கில் நிற்கவில்லை. ஒருவன் வலது கையால் வாள் பிடிப்பவன், மற்றவன் இடது கையால். ஆகவே வலக்கையன், இடக்கையன். வலக்கையன் முதலில் வெட்டமாட்டான், சிரிக்கமாட்டான், அடியெண்ணி நடப்பான். இடக்கையன் எதிரியின் கண்ணில் மண்ணை வீசுவான், வாய் ஓயாமல் பகிடி விடுவான், ஆனால் எதிரியின் குதிரை விழுந்தால் உட்கார்ந்து அழுவான்.

நான் வலக்கையன் பக்கம். சொல்லவும் வேண்டுமா? ஒரு கொப்பியில் கணக்கு வைத்திருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயத்தில் இருவரும் ஒன்பது தரம் மோதினார்கள். ஆறு வலக்கையனுக்கு, இரண்டு இடக்கையனுக்கு, ஒன்று சமம்.

இடக்கையன் பக்கத்துக்குத் தலைவன் என் சிநேகிதன். என்னிலும் பதினொரு வயது இளையவன், வலை பொத்துவதில் அந்தக் கரையில் அவனுக்கு நிகர் இல்லை, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி, வாசிக்க வராது. அவன் கதை கேட்டால் மற்றவர்கள் கேளாததெல்லாம் அவனுக்குக் கேட்கும்.

"கிளாக்கர், உந்தக் கொப்பியை மூடுங்கோ" என்பான். "வலக்கையன் ஆரெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மற்றவன் சிரிக்கேக்கை இவன் சிரிக்காமல் நிக்கிறான் பாருங்கோ, அதிலைதான் தெரியும். இடக்கையனை எடுத்துப்போட்டா உங்கடை ஆள் வெறும் கம்பு."

"கம்பெண்டாலும் ஆறு தரம் வெண்ட கம்பு."

"கணக்கிலை வெண்டவன் ஒருத்தனையும் நான் கடலிலை காணேல்லை."

எல்லோரும் சிரிப்பார்கள். யன்னலுக்கு வெளியே கடகத்தோடு நின்று கேட்கும் மீன்காரி ஒருத்தி, "உவங்கள் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு கலியாணத்தைக் கட்டி வைச்சா வாளும் தூக்காங்கள், வாயும் திறவாங்கள்" என்பாள். அதற்கும் சிரிப்பு. சிரிப்பில் எனக்குப் பங்கில்லாத நாட்கள் பல. நான் படித்தவன், அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவன், என்னை ஒரு மூன்றாம் வகுப்புக்காரன் மடக்குகிறான் என்ற எரிச்சல் உள்ளே கிடந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அவனுக்கு ஒரு தமையன் இருந்தார். அதே ஒழுங்கையில், அவனுடைய வாசல் படலையிலிருந்து அறுபத்திரண்டு அடி தள்ளி. 1987 ஒக்டோபரில் அவர்களுடைய தாய் இறந்தபோது ஊரடங்கு. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இவன் ஏரிக்கு அக்கரையில் ஒரு மீன்வாடியில் அகப்பட்டுக் கிடந்தான். தமையன் ஒரு நாள் பார்த்தார், அதற்கு மேல் பிணத்தை வைத்திருக்க முடியாது, பெட்டியை மூடி அடக்கம் செய்துவிட்டார். இவன் வந்து சேர்ந்தது நாலாம் நாள். "அம்மாவின்ரை முகத்தை எனக்குக் காட்டேல்லை" என்று ஒரு சொல் சொன்னான். அதோடு தமையனிடம் பேச்சை நிறுத்தியவன். தமையனும் பிடிவாதக்காரர், தான் செய்தது சரி என்று அவருக்குத் தெரியும், அதனால் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு கதை முடிவைப் பற்றிய தர்க்கம். இருவரில் ஒருவன் சாகத்தான் வேண்டும் என்றேன் நான். இல்லை, இரண்டு பேரும் சமாதானமாவார்கள் என்றான் அவன். வாங்கின் மூலையிலிருந்த கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்:

"சமாதானம் எண்டு கதைக்கிறாய். நீ உன்ரை கொண்ணையோடை கதைக்கிறியோடா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த வலைநூலை முடிந்து வைத்தான்.

"அவங்கள் ரெண்டு பேரும் வாளைக் கீழை வைக்கட்டும் அப்பு. அண்டைக்கே நான் அண்ணையின்ரை படலையைத் திறக்கிறன். வைக்காட்டில் திறக்கன். அந்தோனியாராணை."

நான் உள்நாட்டு ஊர்க்காரன், சைவம். எங்கள் பக்கத்தில் ஆணையிடுவது அரிசியில் கல் மாதிரி, ஒரு நாளைக்குப் பத்து. அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். கடலுக்குப் போகும் அந்த மனிதர்கள் அந்தோனியார் பேரில் சொன்னதை இரண்டு பக்கமும் காப்பார்கள் என்று, ஆமெனில் ஆம், இல்லையெனில் இல்லை என்று, எனக்கு அப்போது தெரியாது. மற்றப் பதின்மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒருவரும் சிரிக்கவில்லை.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது, பத்திரிகை நின்றது. நூற்றுப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருவரும் உப்புத் தரையில் பத்தாம் தரமாக எதிரெதிரே நின்றபடியே நின்றார்கள். பதினைந்து மாதம் நின்றார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பழைய அத்தியாயங்களையே வாசித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் "முடிவு வந்திட்டுதோ கிளாக்கர்?" என்றார்கள்.

இறுதியில், சங்கத்தில் பாவனையில்லாத பழைய படிவங்களின் பின்பக்கத்தில் நானே மூன்று அத்தியாயம் எழுதினேன். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையால் படியெடுத்துக் கொண்டுவந்தது என்று சொன்னேன். கடதாசியே கிடையாத காலம். எதையும் கையால் எழுதித்தான் கைமாற்றினார்கள். நம்பினார்கள். எழுதும்போது என் முன்னால் கொப்பி இருந்தது: ஆறு, இரண்டு, ஒன்று. கணக்குப்படி வலக்கையன்தான் வெல்ல வேண்டும். அவனுடைய ஆணை எனக்கு நினைவில் வரவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லி வந்தேன். வந்தது. ஒரு தரம் வந்தது. தள்ளிவிட்டு எழுதினேன்.

அன்று பின்னேரம் நான் வாசித்து முடித்தபோது மீன்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கிழவர், "நாசமறுப்பான், இடக்கையனைக் கொண்டுபோட்டானே" என்றார். என் சிநேகிதன் எழுந்து நின்று வேட்டியிலிருந்த புழுதியைத் தட்டினான்.

"சரி கிளாக்கர். நீங்கள் வெண்டிட்டியள்" என்றான். "அப்ப அது முடிஞ்சுது."

எது முடிந்தது என்று எல்லோருக்கும் விளங்கியது. நான் கொப்பியில் ஏழு என்று எழுதினேன்.

அதன்பின்னும் பழைய அத்தியாயங்களை வாசித்தேன். அவன் கேட்க வந்தான், ஆனால் வாய் திறக்கவில்லை. எதிர்த்துப் பேச அவன் இல்லாதபோது வலக்கையனைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை. வாங்குகள் மெல்ல மெல்ல வெறுமையாகின. பதினாலு, ஒன்பது, ஏழு.

1993 மே ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை, என் தங்கை கொழும்பிலிருந்து கிளாலிக் கடனீரேரியை வள்ளத்தில் கடந்து வந்தாள். பொலித்தீனில் சுற்றிய ஒரு தடித்த புத்தகம் தந்தாள். அந்தக் கதைதான், முழுவதும் அச்சில். நான் நூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். இருவரும் வாளை ஓங்கி நிற்கும்போது போன கடல் திரும்பி வருகிறது. வாளின் பாரம் ஆளைத் தாழ்த்தும். முதலில் இடக்கையன் வாளைக் கீழே போடுகிறான், பிறகு வலக்கையன். ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கரையேறுகிறார்கள். கரையில் இடக்கையன் வழக்கம்போல ஏதோ பகிடி விட, வலக்கையன், அவ்வளவு பெரிய புத்தகத்தில் முதல் தடவையாக, சிரிக்கிறான்.

உடனே சைக்கிளை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. முதல் ஞாயிறு தங்கை வந்திருக்கிறாள் என்று நின்றேன். இரண்டாம் ஞாயிறு போனேன். அன்றைக்கு ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேர் முன்னால் பொய்யன் என்று நிற்க மனம் வரவில்லை, புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது ஞாயிறு ரியூப் ஓட்டை. நாலாவது ஞாயிறுக்கு ஒரு சாட்டும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். கிழமை நாட்களில் சங்கத்தில் இருந்தும் அவனுடைய ஒழுங்கைப் பக்கம் போகவில்லை.

ஜூன் மூன்றாம் திகதி வியாழக்கிழமை காலை, முற்றத்தில் வலை விரித்துக்கொண்டிருந்த தமையன் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். ஐம்பத்தெட்டு வயது.

மறுநாள் செத்தவீட்டுக்காகச் சங்கம் பூட்டு. பின்னேரம் நான் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கை நிறைய ஆட்கள். சுவாமியார் வந்துவிட்டார், சேமக்காலைக்குப் புறப்பட வேண்டும், ஆனால் பெட்டி மூடப்படவில்லை. என் சிநேகிதன் தமையனின் படலைக்கு வெளியே நின்றான். விடியற்புறத்திலிருந்து அதே இடத்தில் நிற்கிறான் என்றார்கள். உள்ளேயிருந்து தமையனின் மனைவி வந்தார். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது.

"தம்பி, உள்ளை வா. அவர் எப்பவும் சொல்லுவார், நான் செத்தா அவன் வருமட்டும் பெட்டியை மூடாதேங்கோ எண்டு. நீ வராமல் நாங்கள் எப்பிடி மூடுறது?"

"அண்ணி, நான் ஆணையிட்டுப்போட்டன்."

"என்ன ஆணை? ஒரு கதைக்காகவோ?"

"கதைக்காகத்தான். ஆனா சொன்னது அந்தோனியார் பேரிலை."

ஆணைதான் அவனைத் தடுத்ததா, ஆறு வருடமாக இறுகிப்போன மனம்தான் தடுத்ததா, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திராது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு அவனருகில் போனேன். சொல்வதற்கு நீண்ட ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"தம்பி, அவங்கள் வாளைக் கீழை வைச்சிட்டாங்கள்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"இடக்கையன் சாகேல்லை. அண்டைக்கு வாசிச்சது நான் எழுதினது. உண்மையான முடிவு இதிலை இருக்கு." பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வாசிக்கத் தெரியாதவனிடம் நீட்டினேன்.

சுற்றி நின்ற எல்லோரும் கேட்டார்கள். அவன் புத்தகத்தைத் தொடவில்லை. படலையின் கொளுக்கியைக் கழற்றினான், உள்ளே போனான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது. நான் பல செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறேன். அப்படியொரு ஆண்குரலை அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து எல்லோரும் கலைந்தபோது அவன் என் சைக்கிளடியில் வந்து நின்றான். கையெல்லாம் மண். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்லா எழுதியிருந்தனீங்கள் கிளாக்கர்" என்றான். "நான் அண்டைக்கு வீட்டை போய் அழுதனான்."

நான் புத்தகத்தைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினேன்.

"நீங்கள் எல்லாத்துக்கும் கணக்கு வைச்சிருப்பியள். இதையும் சொல்லுங்கோ. நீங்கள் அதை வாசிச்ச நாளிலையிருந்து அண்ணை சாகுமட்டும் எத்தினை நாள்?"

வரும் வழியில், ஏழு மைலும், அதைத்தான் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன்.

"அறுநூற்றி முப்பத்தி நாலு."

"அதிலை புத்தகம் உங்கடை கையிலை இருந்தது?"

"இருபத்தேழு."

அவன் தலையை ஆட்டினான், சரி பார்த்த மாதிரி. பிறகு ஒழுங்கைப் பக்கமாக நடந்தான். 1995இல் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிடுமட்டும் அவனை நான் வழியில் பதினாறு தரம் கண்டேன். பதினாறு தரமும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனான், ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பதினாறு என் கணக்கு. அண்ணனோடு கதைக்க அவனுக்கு இருந்து, நான் பறித்தது அறுநூற்று முப்பத்து நாலு நாள்.