நம்ம ஆடியன்ஸ் இல்லாதவர்

அலுவலகத்தில் அவளுக்கு வசனம் அக்கா என்று பெயர். வாசல் காவலாளியிலிருந்து விளக்குப் பிடிக்கிறவர் வரை எல்லோருக்கும் அப்படித்தான். சம்பளம் போடுகிறவர் ஒருவருக்குத்தான் தன் நிஜப் பெயர் தெரியும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சேனலில் எட்டு மணிக்கு வரும் குடும்ப நகைச்சுவைத் தொடருக்கு ஆரம்பத்திலிருந்தே அவள்தான் வசனம் எழுதுகிறாள். தொடரில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு மகன், ஒரு மகள், ஒரு வாடகை வீடு. கதை அந்த வீட்டைத் தாண்டிப் பெரும்பாலும் போகாது.

தொடரில் வருகிற அப்பாவை அவள் கற்பனை செய்யவில்லை, வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாள்.

அவள் கணவருக்கு மருந்துக் கிடங்கில் வேலை. வந்து இறங்கும் பெட்டிகளில் காலாவதித் தேதியைச் சரிபார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்ததை மறுபடியும் பார்க்காமல் அவரால் நகர முடியாது. கிடங்கில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதுவே பெரும் பாடு. வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கியவர் திரும்ப ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பார். தெருமுனையில் நின்று, "கேஸை மூடினோமா?" என்பார். அவர் முகத்தில் அப்போது வேர்த்திருக்கும். அவளும் ஒரு தடவை பூட்டைத் தொட்டு, "நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் தெளிந்துவிடுவார். "நீ பார்த்தியா? அப்போ சரி, வா." தன் கண்ணை நம்பாத மனிதர் அவள் கண்ணை நம்பினார். கல்யாணமான புதிதில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. போகப்போக, கிளம்பும்போது செருப்பு மாட்டுவது மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. காலையில் இருவரும் ஒரே பேருந்தில் போவதே அதற்காகத்தான்.

தொடரிலும் அதே கதைதான். அப்பா திரும்பத் திரும்ப ஓடுவார், அம்மா "நான் பார்த்தேன்" என்பாள், சினிமாவுக்குப் போய்ச் சேரும்போது இடைவேளை விட்டிருப்பார்கள். அப்போதெல்லாம் ரிமோட் அப்பாக்களின் கையில் இருந்தது. அதனால் கடைசி வசனமும் அப்பாவுக்கே. அவள் கணவர் சோபாவில் சாய்ந்து ரசித்துப் பார்ப்பார்.

"நேத்து நான் ஃப்ரிட்ஜ் கதவை நாலு வாட்டி அமுக்கினேனே, அதை ஏன் விட்டுட்டே?"

"எல்லாத்தையும் போட்டா நம்ப மாட்டாங்க."

"அது சரி. எனக்கு ராயல்டி எப்போ தருவே?"

பிறகு சேனலுக்குப் புது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்தாள். வயதில் சின்னவள் என்பதால் சின்ன மேடம். நல்ல பெண். வசனம் அக்காவை உட்கார வைத்து, டீ வரவழைத்து, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நம்ம தொடரை இப்போ யார் பார்க்கிறாங்க, சொல்லுங்க?"

"குடும்பம் குடும்பமா பார்க்கிறாங்க."

"டிவியைப் போட்டுட்டுக் குடும்பம் வேற வேலை பார்க்குதுக்கா. நிஜமா பார்க்கிறது காலேஜ் வயசுப் பசங்கதான். போன்ல, துண்டு துண்டா. விளம்பரக்காரங்களுக்கும் அவங்கதான் வேணுமாம். இனிமே நம்ம ஆடியன்ஸ் அவங்க."

"அதே வீடு, அதே ஆளுங்கதானே? நான் எதை மாத்தணும்?"

"ஆளுங்களை மாத்த வேண்டாம். இத்தனை நாள் நீங்க அப்பா பக்கத்துல நின்னு எழுதினீங்க. இனிமே பிள்ளைங்க பக்கத்துல நின்னு எழுதுங்க. பார்க்கிறவங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவங்க பக்கத்து சோபாவுல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்து எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கலாம்."

"அப்பாங்களும் பார்ப்பாங்களேம்மா."

"தாராளமா பார்க்கட்டும். ஆனா அவங்க நம்ம ஆடியன்ஸ் இல்லைக்கா."

முடியாது என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த மாதத்திலேயே வேறு இரண்டு தொடர்களுக்கு எழுத்தாளர்கள் மாறியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். எழுதவே வராது என்று நினைத்திருந்தாள். தண்ணீர் மாதிரி வந்தது.

அப்பா பூட்டை இழுக்கிறார். மகள் போனில் படம் பிடிக்கிறாள். மகன் விளையாட்டு வர்ணனை செய்கிறான்: "இழுக்கிறார், இழுக்கிறார், பூட்டு விட்டுக்குடுக்கலை!" அப்பா படி இறங்குகிறார், தயங்குகிறார். மகள் கத்துகிறாள்: "அப்பா, ஒரு முத்தம் குடுத்துட்டு வாங்க, பூட்டு ஏங்கிப் போயிடும்!" அம்மாவின் "நான் பார்த்தேன்" முதலில் இருந்தது. அதைச் சின்ன மேடம் அடித்தாள். "இது இருந்தா மனுஷன் பாவம்னு தோணிடும்க்கா. பாவம்னு தோணிட்டா எப்படிச் சிரிக்கிறது?"

ஒளிபரப்புக்கு முன்னால் சேனலில் ஒரு பரீட்சை வைப்பார்கள். யாருக்காக எடுத்தார்களோ அந்த வயதுக்காரர்களைக் கொஞ்சம் பேர் வரவழைத்து, ஓர் அறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். எழுதியவரும் எடுத்தவரும் பக்கத்து அறையில் இருந்து திரையில் அந்த முகங்களை மட்டும் பார்ப்பார்கள். பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக் காட்சி வந்ததும் போன்கள் மடியில் இறங்கின. முத்த வசனத்துக்கு ஒரு பையன் நாற்காலியிலிருந்து நழுவியே விட்டான். சின்ன மேடம் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். திரும்பும் வழியில் பேருந்தில்தான் கணவரின் நினைவு வந்தது. இதைப் பற்றி அவரிடம் அவள் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை.

ஒளிபரப்பான அன்று அவர் முழுவதும் பார்த்தார். கல்லூரிக்குப் போகும் அவர்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முடிந்ததும் அவர், "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சாப்பிட்டு வெகு நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பூட்டுக் காட்சி மட்டும் தனித் துண்டாகப் போன் போனாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ஓர் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர் பூட்டில் கை வைத்தார். படியில் நின்றிருந்த மகள், ஊரே சொல்வதைத் தானும் சொல்கிற சுவாரசியத்தில், "அப்பா, ஒரு முத்தம் குடுத்துட்டு வாங்க, ஏங்கிப் போயிடும்!" என்றாள்.

சூடு பட்டது போல அவர் கையை எடுத்தார். விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நடந்தாள். "நான் பார்த்தேங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. காலையில், "நீ முன்னாடி போ, உனக்கு நேரமாகுது" என்று அவளை அனுப்பிவிட்டுத் தானே பூட்டினார். "அப்பா சரியாயிட்டாரும்மா, உன் சீரியல்தான் மருந்து," என்றாள் மகள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பும். எட்டு மணி ஆனால் உள் அறையில் துணி மடிக்கப் போய்விடுவார். துணி இல்லாத நாளில், மடித்ததையே பிரித்து மடித்தார்.

ஒரு நாள் படப்பிடிப்பு ரத்தாகி மதியமே திரும்பினாள். கீழ் வீட்டம்மா வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எதாவது சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கார்?"

"எங்கே நல்லா இருக்கார்? தினமும் வேலைக்குப் போன மனுஷன் கொஞ்ச நேரத்துல வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வர்றார். மேலே போறார், உடனே இறங்குறார். சில நாள் மறுபடியும் வர்றார். கேட்டா போனை மறந்துட்டேன்னு சொல்றார். தினமுமா ஒரு ஆள் போனை மறப்பார்?"

அவள் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. மறுநாள் கிடங்கிலிருந்து அவளுக்கே போன் வந்தது. அவரோடு வேலை செய்கிறவர்.

"அண்ணி, அண்ணன் கிளம்பிட்டாரா? போனை எடுக்க மாட்டேங்கிறார். சூப்பர்வைசர் தினமும் நேரத்தைப் பார்த்துட்டே இருக்கார். இப்படியே போச்சுன்னா வேலைக்கே ஆபத்து, அண்ணி. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்லலாம்தான். எப்படி ஆரம்பிப்பது? "ஏங்க திரும்பி வர்றீங்க?" என்று கேட்டால், இன்னொரு காட்சிக்காகக் கேட்கிறாள் என்றுதானே நினைப்பார். இத்தனை வருடம் அவரிடம் கேட்டதையெல்லாம் அவள் எழுதித்தான் இருக்கிறாள். அன்று முழுவதும் அவள் எழுதியது ஒன்றும் உருப்படவில்லை. போன் ஒலித்தாலே கிடங்கிலிருந்துதானோ என்று எடுத்துப் பார்த்தாள்.

கடைசியில் சின்ன மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தப் பூட்டு விஷயத்தை இத்தோட விட்டுடலாம்."

"அக்கா! அதுதானே இப்போ ஓடிட்டு இருக்கு. அடுத்த வாரத்துக்கு ரெண்டு சீன் வேற கேட்டிருக்கேன்."

"அது எங்க வீட்டுக்காரர்மா."

சின்ன மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயோ. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். ஆனால் வருத்தப்பட்டுக்கொண்டே வேலையையும் பார்க்கத் தெரிந்தவள். "சரி, எடுத்துடலாம். அந்த இடத்துல அதே அளவு சிரிப்பு வேணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவீங்களா?"

"மகனை வச்சு ஏதாவது?"

"அவன் நம்ம ஆடியன்ஸ்."

"மகள்?"

"அவளும்தான்."

"அப்போ மிச்சம் அம்மாதான்."

"ஆமாக்கா," என்றாள் சின்ன மேடம், கடையில் கேட்ட அளவு இருக்கிறது என்று சொல்வது போல. "அம்மா ஃப்ரீயாத்தானே இருக்காங்க."

அக்கா எழுதினாள். அம்மா பேருந்தில் போகிறாள். யாரிடமோ சண்டை போட வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்க்கிறாள். தன் பேச்சு ஒரு குரலில், எதிராளியின் பதில் இன்னொரு குரலில். கை வேறு ஆடுகிறது. நடத்துனர் மிரண்டு, சில்லறையைத் தூரத்திலிருந்து நீட்டுகிறார். பக்கத்தில் இருந்த மகள் எழுந்து நான்கு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறாள். "உன் கூட வந்தவங்களா?" என்று ஒருத்தி கேட்க, "தெரியாதுங்க. பாவம், அவங்க வீட்டுல யாருமே இல்லை போல" என்கிறாள்.

இதையும் அவள் கற்பனை செய்யவில்லை. தன் மகள் அப்படி ஒரு நாள் எழுந்து போனதைப் பேருந்தின் கண்ணாடியில் பார்த்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. எழுதி அனுப்பியதும் சின்ன மேடத்திடமிருந்து போன். எதிர்முனையில் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அது ஒளிபரப்பான அன்றும் அவர் உள் அறைக்குப் போய்விட்டார். மகள் பார்க்க ஆரம்பித்தாள். பேருந்துக் காட்சியில் பெரிதாகச் சிரித்தவள், நான்கு வரிசை தள்ளிப்போய் உட்காரும் இடம் வந்ததும் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பவே இல்லை. அதற்குள் அவர் கையில் ஒரு துண்டோடு கதவருகே வந்து நின்றிருந்தார்.

அவர் சிரித்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். காதுதான் சூடாயிற்று. இவ்வளவு சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"நீ நிஜமாவே இப்படிப் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"ரெண்டு குரல்லயும்?"

"மூணு பேர் பேசுற சீன்னா மூணு குரல்ல."

"பக்கத்துல உட்கார்ந்து வந்திருக்கேன், நான் பார்த்ததே இல்லையே!"

"உங்க கவனம் வீட்டுல இருந்திருக்கும்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "இப்போ நீங்க கிடங்குக்கு நேரத்துக்குப் போறதே இல்லையாமே. பாதி வழியிலயே வீட்டுக்குத் திரும்பிடுறீங்களாம்."

டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம் கத்தியது. மகள் சத்தத்தைக் குறைத்தாள். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

"யார் சொன்னா?"

"கீழ் வீட்டம்மா. கிடங்குலேருந்தும் போன் வந்தது."

"எழுதப் போறியா?"

"இல்லை."

"எழுதினா சிரிப்பு வருமா?"

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் யோசித்தாள். இந்த விஷயத்தில் அவரிடம் பொய் சொல்ல அவளால் முடியாது.

"வரும்," என்றாள். "நல்லாவே வரும்."

அவர் தலையாட்டிவிட்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்தார். "இன்னைக்கு மூணு தடவை," என்றார். "மூணாவது தடவை வந்து நின்னப்போ, எதைப் பார்க்க வந்தேன்னே மறந்து போச்சு. படியிலயே உட்கார்ந்துட்டேன். நாளைக்குக் காலையில சூப்பர்வைசர் வரச் சொல்லியிருக்கார். என்னத்தைச் சொல்றதுன்னு தெரியலை."

"நானும் வரேன்."

"நீ வந்து என்ன சொல்லுவே?"

"டாக்டர்கிட்ட போறோம், கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு சொல்லுவேன்."

"டாக்டரா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் சூப்பர்வைசர் ஒண்ணும் பெரிய நல்லவன் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார்.

மகள் ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, நானும் வரட்டுமா?"

"நீ காலேஜுக்குப் போ," என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.