சீனிச் சோதனைக்கு மூன்று நாள் பட்டினி

ஸ்காபரோவில் பொதுச் சுகாதார சேவையின் வான் ஒன்றை ஓட்டுகிறேன். ஊசி மருந்துப் பெட்டிகளோடு மாடிக் குடியிருப்புகளுக்கும் பிளாசாக்களுக்கும் போகிற வான். எங்கள் எல்லாருக்கும் ஒரே கடும்நீல யூனிஃபோம். அதைப் பார்த்து என்னையும் பெரிய ஆள் என்று நினைத்துச் சிலர் வணக்கம் வைப்பார்கள். நான் வானுக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

எங்களோடு வருகிற பெண்பிள்ளை டொக்டர் இல்லை, நேர்ஸும் இல்லை. டொக்டருக்கு உதவியாளர். சோதிப்பது, மருந்து எழுதுவது எல்லாம் அவர்தான். அந்த டொக்டரை நான் இன்றுவரை கண்டதில்லை.

ஓட்டுநர்களையும் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பிள்ளைதான் சோதிப்பார். ரத்தத்தில் சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வானைத் தொட முடியாது. எனக்குச் சீனி நிறைய. ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சோதனை என்றால் கடைசி நேரத்தில் படிப்பதுதான் பழக்கம். அதனால் மூன்று நாளுக்கு முன்பு சோற்றை நிறுத்தினேன். விடிய எழும்பிப் பாவற்காய்ச் சாறு குடித்தேன். சீனிக்கு எடுக்கிற குளிசையையும் இரண்டு மடங்காகப் போட்டேன்.

“வருசம் முழுக்க றோல்ஸும் ரீயும். இப்ப மூண்டு நாளைக்கு முனிவர் வேசமோ?” என்றாள் மனைவி. “அந்தப் பிள்ளை என்ன ஒண்டும் விளங்காத மொக்கோ?”

சோதனை நாளன்று மல்வேர்னில் வானை நிறுத்தியதும் அவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

“அங்கிள், பிரேக்ஃபாஸ்ட் சாப்பிட்டனீங்களா?”

“ஓம்.”

“மெடிசின் கரெக்டா எடுக்கிறனீங்களா?”

“ஓம்.”

“ஸ்மோக் பண்ணுவீங்களா?”

“ஓம்.”

நான் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. ஒரு பெண்பிள்ளை நேரே பார்த்துக் கேட்டால் என் வாயில் வருவது அது ஒன்றுதான்.

விரலில் குத்தினார். மிஷினில் வந்த சின்ன இலக்கத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய முகம் மாறிவிட்டது.

“அங்கிள், திஸ் இஸ் வே டூ லோ! சீனி அளவுக்கு மீறி இறங்கீட்டுது.”

எனக்கோ வானே ஆடுவதுபோல் இருந்தது. ஊசி போட்ட சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அப்பிள் ஜூஸ் பெட்டி இரண்டை என் கையில் திணித்தார். குடித்து முடித்து, நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஓ மை கோட், அங்கிள். போன கிழமை நீங்கள் லாப்ல குடுத்த ரத்தம் மூண்டு மாசக் கதையையும் சொல்லும். இப்பதான் அந்த ரிசல்ட்டைப் பார்த்தனான். டெரிபிள், சீனி எக்கச்சக்கம்.”

“அப்ப உந்த விரல்ல குத்தினது?”

“அது சும்மா, இண்டைய நிலைமைக்கு.” ஓட்டுநர் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். “உந்த நிலைமையிலயா ஹைவேயில ஓட்டிக்கொண்டு வந்தனீங்கள்? நானும் இதுக்குள்ளதானே இருந்தனான்.”

பட்டினி கிடந்த மூன்று நாளும் எனக்கு அந்த நினைப்பு வரவே இல்லை. அதுதான் வெட்கம்.

நான் ஓட்டலாம் என்ற தாளில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. அந்த மூன்று மாதச் சீனி இறங்கும்வரை ஓட்டக்கூடாது, பெட்டி தூக்கலாம் என்று எழுதினார். பிறகு, தானே ஓட்டப்போவதாகச் சொல்லி, கையை நீட்டி வான் திறப்பைக் கேட்டார்.

அவர் ஓட்ட, முதல் திருப்பத்திலேயே நடைபாதையில் வானின் ஒரு சில்லு ஏறி இறங்கியது. பின்னால் பெட்டிகள் உருண்டன. நான் பக்கத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடியே ஸ்காபரோ முழுவதும் வந்தேன்.