தோசை மாவுக்குப் பக்கத்தில் பூச்சி டப்பா

நான் வளர்க்கும் சிறுத்தைப் பல்லி உயிருள்ள பூச்சியைத்தான் தின்னும். பூச்சி வாங்க வைட்ஃபீல்டிலிருந்து வாராவாரம் நகரின் இன்னொரு மூலையில் இருக்கும் லிங்கராஜபுரம் போக அலுத்துப்போய், ஒருமுறை ஒரு மாதத்துக்கான சுவர்க்கோழிப் பூச்சிகளை மொத்தமாக வாங்கிவந்தேன். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று டப்பாவை இறுக மூடி, ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் ஒன்றுகூட அசையவில்லை.

டப்பாவோடு நேரே லிங்கராஜபுரம் போய், வீட்டிலேயே பூச்சி வளர்த்து விற்கும் ஸ்டெல்லாவிடம், "செத்ததைக் கொடுத்து ஏமாத்திட்டீங்க" என்று கத்தினேன்.

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "மாவு வாசனை வருதே சார். ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"பல்லி தின்னா அது சாப்பாடு சார். இது வீண் சாவு. இனிமே ஒரு வாரத்துக்குத்தான் தருவேன். மூடியில ஓட்டை போடுங்க, பூச்சி ஏறி ஒளிஞ்சுக்க முட்டை அட்டையை நிக்க வைங்க, தண்ணிக்குப் பதிலா கேரட் போடுங்க."

சொன்னபடியே செய்தேன். சில மாதங்களில் என் டப்பாவிலேயே முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்தன.

போன மழையில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அவருடைய பூச்சிகள் எல்லாம் செத்துவிட்டன. "சார், திரும்ப வளர்க்கக் கொஞ்சம் கிடைக்குமா?" என்று என்னிடம்தான் கேட்டார். பூச்சிகள் கத்திக்கொண்டே வந்த டப்பாவைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அவர் முதலில் மோந்துதான் பார்த்தார். "மாவு வாசனை இல்ல சார்" என்று சிரித்தார்.

ஆபீஸில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னது இதை மட்டும்தான்.