அண்ணன் சொல்லிக்கொடுத்த பிரேக் வைத்தியம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, பந்தலில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கை எழுதுவது. அட்டையில் உள்ள படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். கடைசி வரி வரை படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் குற்றாலத்தில் அண்ணனோடு வண்டி நிறுத்திய நாலு பேரும் கட்டாயம் படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையே அவர்களுக்காகத்தான்.

அண்ணன் தென்காசியில், கோயில் மணிச் சத்தம் கேட்கிற தெருவில் பிறந்தார்கள். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. படிப்பை விட்டுவிட்டு ஒரு ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பத்து வருஷத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்தார்கள். என்னைக் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் நான் பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னறையை ஒழித்து, தையல் மிஷின் வாங்கிப் போட்டு, பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடு என்றார்கள். அந்த மிஷின்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

அண்ணன் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள். ஊரே கைவிட்ட ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, "செத்துப்போச்சுன்னு நீ சொல்லாத ஏட்டி, இது பேசும் பாரு" என்பார்கள். பேசவும் வைத்துவிடுவார்கள். அந்தத் தைரியம்தான் கடைசியில் எமனாக வந்தது. இதை எழுத எனக்குக் கை கூசவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார்கள். மூன்று மழைக்காலம் மாமரத்தடியில் நின்று துருவேறிய வண்டி. மதினி பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு எருமை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார்கள். நாலு மாதத்தில் அதே வண்டியில் மதினியை உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள்.

அப்படித்தான் குற்றாலத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. விடிந்ததும் அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். லாட்ஜ் அண்ணாச்சியின் முற்றத்தில் ஐந்து பழைய வண்டிகள் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். லாட்ஜ் அண்ணாச்சி, அரிசி மில் அண்ணாச்சி, டாக்டர், வக்கீல், எங்கள் அண்ணன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம் கண்டார்களோ, அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கேட்ட நாலு பேரும் அடுத்த ஞாயிறுக்குள் தங்கள் வண்டியிலும் அதைச் செய்துவிட வேண்டும். கோளாறே இல்லாத வண்டியிலும் செய்வார்கள். செய்யாவிட்டால், சொன்னவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள், பெட்ரோல் டாங்கு கசிந்தால் சலவை சோப்பு என்று எத்தனையோ செய்தார்கள். எல்லாம் பலித்தன. பலித்ததுதான் கெடுதலாகப் போயிற்று.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் சாரல் விழ ஆரம்பித்தது. அண்ணன் வண்டியில் பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. தென்காசிக் கடைகளில் இல்லை, திருநெல்வேலியில் சொல்லிவைத்தும் வரவில்லை. அப்போதுதான் என் மிஷின் பக்கத்தில் இருந்த எண்ணெய் டின்னைப் பார்த்தார்கள். விரலில் தொட்டு உரசினார்கள்.

"ஏட்டி, தண்ணி மாதிரில்லா இருக்கு. பிசுக்கே இல்லையே. இதக் கொண்டா."

என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். ஊற்றிக்கொண்டு பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கும்முனு பிடிக்குது" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சொல்லியும்விட்டார்கள். அந்த வாரத்திலேயே நாலு பேரும் பாட்டிலோடு என் வாசலுக்கு வந்தார்கள். "வண்டி இனி ரவிக்கை தைக்கும் போலிருக்கே தங்கச்சி" என்று வக்கீல் கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நாலு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். மிதித்த பெடல் மெதுவாகத்தான் மேலே வருகிறது என்று அண்ணன் சொன்னார்கள். ஒருநாள் கடையிலிருந்து வந்து நின்ற வண்டியின் பின்சக்கரத்தில் சாரல் துளி பட்டு ஆவி எழுந்தது. ஏதோ தீய்கிற வாடை அடித்தது. மதினி, "இந்தச் சக்கரம் ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று கேட்டார்கள். மழை ஈரத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் அண்ணன். எல்லாருடைய ரேடியோவிலும் கோளாறு கண்டுபிடிக்கிறவர்களுக்குத் தங்கள் வைத்தியத்தில் கோளாறு தெரியவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் ரேடியோ சாமான் வாங்கப் புனலூருக்குத் தனியாகப் போனார்கள். திரும்பும்போது, கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்குகிற வளைவில் மிதித்த கால் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்தும் வண்டி நிற்கவில்லை. பள்ளத்துக்குப் போகாமல் மலைப்பக்கத்துப் பாறையில் தாங்களே கொண்டுபோய் மோதியிருக்கிறார்கள். பின்னால் மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் தூக்கி வந்து தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

இரண்டு நாள் உயிர் இருந்தது. நல்ல நினைவோடுதான் பேசினார்கள்.

"ஏட்டி, அந்த எண்ணெதான். ரப்பரத் தின்னுட்டு. கொஞ்சங் கொஞ்சமாத் திங்கும் போல, ஓட்டுதவனுக்குத் தெரியாது. நாலு பேருகிட்டயும் சொல்லிரு. நான் சொன்னேன்னே சொல்லு."

மதினியைக் கூப்பிடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

சாம்பல் கரைத்த மறுநாளே நான் அவர்கள் வீடுகளுக்குப் படியேறினேன். லாட்ஜ் அண்ணாச்சி காப்பி கொடுத்து, "அது மழ ரோடும்மா, விதி முடிஞ்சுபோச்சு" என்றார்கள். டாக்டர், "எங்க வண்டி நல்லாத்தான ஓடுது. நீங்க மிஷினப் பாருங்க, வண்டிய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். வக்கீல் கண்கலங்கிவிட்டார்கள். "உங்க அண்ணன் சொல்லி ஒண்ணு தப்பாகுமா? அவுக கடைசியாச் சொன்ன வைத்தியம். அத எடுத்துட்டா அவுகள நம்பலன்னுல்லா ஆகும்" என்றார்கள். செத்தவர்களின் மேல் வைத்த மரியாதையை வண்டியில் ஊற்றிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள்.

நொறுங்கிய வண்டியிலிருந்து, ஆயிலை அடைத்துப் பிடிக்கிற பிரேக் ரப்பரைக் கழற்றித் தரச் சொல்லிச் செங்கோட்டை மெக்கானிக்கிடம் கேட்டேன். ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய், நகம் பட்டால் பிய்கிறது. அண்ணன் படத்துக்குக் கீழே தட்டில் அதை வைத்திருக்கிறேன். பக்கத்தில் புது ரப்பரும் இருக்கிறது. பூப்போடப் போகிறவர்கள் இரண்டையும் தொட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நினைவு மலர்ல இதையா எழுதுவாக? செத்தவனக் குத்தஞ் சொல்லுத மாதிரி இருக்கு" என்றார்கள். அண்ணன் சொல்லச் சொன்னதைத்தான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்ச்சொல்லைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம், அச்சில் வந்ததை என்ன செய்வார்கள்?

இனி நன்றி சொல்ல வேண்டும். பேர்கூடச் சொல்லாமல் போய்விட்ட அந்த லாரிக்காரருக்கு, இரண்டு இரவும் கூடவே நின்ற நர்சம்மாக்களுக்கு, பதினாறு நாளும் வேளை தவறாமல் சோறு கொடுத்துவிட்ட தெருக்காரர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டாக்டர், வக்கீல், லாட்ஜ் அண்ணாச்சி மூவரும் அண்ணனைத் தோளில் சுமந்தவர்கள். அந்த உரிமையில் ஒன்று செய்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் வாசலில் நிற்கும் உங்கள் மூன்று வண்டிகளிலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். நான்தான் ஏற்பாடு செய்தேன். மெக்கானிக் புது ரப்பரும் நல்ல பிரேக் ஆயிலும் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள், மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மில் அண்ணாச்சிக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. நான் போகும் முன்பே குடும்பத்தோடு அந்தப் பழைய வண்டியிலேயே கொல்லத்துக்குப் போய்விட்டார்கள். பதினாறாம் நாள் காலை மலை வழியாக நேராக வந்துவிடுகிறேன் என்று கார்டு போட்டிருந்தார்கள். கார்டில் விலாசம் இல்லை. கோட்டைவாசலில் நின்று வண்டியை மறிக்கச் சொல்லி மதினியின் தம்பியை முதல் பஸ்ஸில் அனுப்புவதாக இருக்கிறேன். இதை அச்சுக்குக் கொடுக்கிற இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படித்து முடித்தவர்கள் எழுந்து நின்று பந்தலை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், மில் அண்ணாச்சி வந்துவிட்டார்களா?